முற்றத்துக்கு வந்த கோட்டுப் பாம்பு

கோடை முழுக்க ஒரு பாம்பும் கண்ணில் படாது. ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்து இரண்டு மூன்று நாள் போனால் வாய்க்கால் கரை, கிணற்றடி, விறகு அடுக்கி வைத்த மூலை என்று போகிற இடமெல்லாம் பாம்பு. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ வளவு வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. அப்படி வருபவற்றில் அடிக்கடி பகலில் தென்படுவது ஒரு முழம், மிஞ்சினால் ஒன்றரை முழ நீளமான மெல்லிய பாம்பு. மண்ணிறம். முதுகில் இரண்டு இளமஞ்சள் கோடுகள் வால்வரை ஓடும்.

இத்தனை நாளும் இது எங்கே இருந்தது? நஞ்சு உள்ளதா? அடிப்பதா, விடுவதா? மூன்று கேள்விகளும் ஒரே மூச்சில் எழுகின்றன. முதல் இரண்டுக்கும் விடை தெரியாததால் மூன்றாவதை மண்வெட்டி தீர்த்து வைக்கிறது. ஒவ்வொரு காலபோகத்திலும் எங்கள் ஊர்களில் இப்படிச் சாகும் பாம்புகளில் பெரும்பாலானவை யாரையும் கொல்ல முடியாதவை. இந்த அத்தியாயம் அவற்றுள் ஒன்றைப் பற்றியது.

சிங்களத்தில் இதை அஹரகுக்கா என்பார்கள். தமிழ்நாட்டு நூல்களில் நீர்க்காத்தான் குட்டி. வன்னியில் பலரும் பொதுவாகத் தண்ணிப் பாம்பு என்று சொல்லிவிடுவதால், வேறு தண்ணீர்ப் பாம்புகளோடு குழம்பாமல் இருக்க, இங்கே இருகோட்டுப் பாம்பு என்று குறிப்பிடுகிறேன். 1758 இல் லின்னேயஸ் உயிரினங்களைப் பட்டியலிட்டபோதே இதற்கும் ஒரு அறிவியற் பெயர் கிடைத்துவிட்டது. பாகிஸ்தான் தொடங்கித் தைவான் வரை பரந்து வாழும் இனம் இது.

மழைக்கு முன் எங்கே இருந்தது?

பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. சுற்றியிருக்கும் மண்ணும் காற்றும் வெயிலும் எவ்வளவு சூடோ, கிட்டத்தட்ட அவ்வளவே அதன் உடலும். கச்சான் காற்று வீசி வயல் மண் பாளம் பாளமாக வெடிக்கிற ஆடி, ஆவணியில் வெளியே திரிந்தால் அது வெந்து காய்ந்து போகும். ஆகவே கறையான் புற்றுக்குள்ளும் மரவேர் இடுக்கிலும் கற்குவியலுக்கு அடியிலும் புகுந்து, அசைவைக் குறைத்து, பட்டினி கிடந்து காலம் கழிக்கிறது. கோடைத் துயில் என்பது இதுதான். இந்த நாட்களில் பாம்பு இல்லை என்று நாம் நினைக்கும் வளவில் அது காலடியில் இரண்டு அடி ஆழத்தில் இருக்கக்கூடும்.

மழை விழுந்ததும் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. பொந்துக்குள் தண்ணீர் இறங்குகிறது. வெளியே தவளைகள் கத்தத் தொடங்குகின்றன. தவளை, தேரை, வாற்பேத்தை, சிறு மீன் இவைதான் இருகோட்டுப் பாம்பின் சாப்பாடு. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் என்று குளங்கள் நிறைந்து வாய்க்கால் ஓடும்போது தவளை எங்கே போகிறதோ அங்கே இதுவும் போகிறது. முற்றத்துப் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் முற்றத்துக்கும் வரும். யாரையும் தேடி வருவதில்லை.

இது பகலில் நடமாடும் பாம்பு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பகலில் உலவுவதால் நம் கண்ணில் படுகிறது, கண்ணில் படுவதால் அடிபடுகிறது. எட்டடி விரியன் என்றும் கட்டுவிரியன் என்றும் சொல்லப்படும் பாம்பு அதே வளவில் இருந்தாலும் இரவில்தான் புறப்படும். அதனால் அதைக் காண்பவர் சிலரே. நாம் அதிகம் காணும் பாம்பும் நம்மை அதிகம் கொல்லும் பாம்பும் வேறு வேறு என்பதை மனதில் இருத்திக்கொண்டால் மேலே போகலாம்.

கோடு நீளவாக்கில் ஓடுகிறதா?

ஆறடி தள்ளி நின்றே பார்க்க வேண்டியவை இவை. கைத்தொலைபேசியில் பெரிதாக்கிப் படம் எடுத்தால் இன்னும் நல்லது.

இருகோட்டுப் பாம்பின் முதுகில் இரண்டு கோடுகளும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகக் கழுத்தில் இருந்து வால் வரை போகும். முன்பாதியில் கரும்புள்ளிகளும் குறுக்குப் பட்டைகளும் கோட்டை வெட்டுவதால் அங்கே அது மங்கல். பின்பாதியில் புள்ளிகள் குறைந்து, கோடு பளிச்சென்று தெரியும். எனவே பார்க்க வேண்டியது தலையை அல்ல, உடலின் பின்பாதியை. பயந்த மனிதர் பாம்பின் தலையைத்தான் பார்ப்பார், அடையாளமோ மறு முனையில் இருக்கிறது. கழுத்துப் பக்கம் மஞ்சள் சாயல், கண்ணுக்கு முன்னும் பின்னும் சிறு கருங்கீறல், வெளிறிய வயிற்றின் இரு ஓரங்களிலும் கரும்பொட்டுகள். செதில்களில் மினுக்கம் இல்லை. ஒவ்வொரு செதிலின் நடுவிலும் மெல்லிய முகடு ஒன்று எழுந்து நிற்பதால் உடல் சொரசொரப்பாகத் தெரியும். இத்தகைய செதிலை முகட்டுச் செதில் எனலாம்.

இனி, அஞ்ச வேண்டியவற்றோடு ஒப்பிடுவோம். எட்டடி விரியன் பளபளக்கும் கருநீலம். அதன் வெண்கோடுகள் மெல்லிய வளையங்களாகக் குறுக்கே போகும், நீளவாக்கில் போகா. புடையன், அதாவது கண்ணாடி விரியன், தடித்த உடம்புக்காரன். முதுகிலும் பக்கங்களிலுமாக மூன்று வரிசையில் கரு விளிம்பிட்ட முட்டை வடிவப் பொட்டுகள் சங்கிலிபோல் தொடரும். சுருட்டை சிறியது. வறண்ட மணல் நிலங்களில், கரையோரப் பக்கம் இருக்கும். பக்கவாட்டில் அலை அலையான வெண்கோடு. சீண்டினால் சுருண்டு, செதிலோடு செதில் உரசிச் சரசரவென்று ஒலி எழுப்பும். ஈரலிப்பான காடுகளின் சருகுக்குள் கிடக்கும் குழிவிரியன் ஒன்றுண்டு. அதன் மூக்கு நுனி மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். நாகத்தைச் சொல்லத் தேவையில்லை. இந்த ஐந்தில் ஒன்றுக்கும் முதுகில் சமாந்தரமாக இரண்டு மஞ்சள் கோடுகள் வால்வரை ஓடுவதில்லை.

பின்பாதி தெளிவாகத் தெரிந்து, இரண்டு கோடும் உடையாமல் வாலுக்குப் போவதைக் கண்டால் மட்டும் முடிவு சொல்லலாம். சேறு பூசியிருந்தால், இருட்டாக இருந்தால், பாதி உடல் பொந்துக்குள் இருந்தால் முடிவு சொல்லக் கூடாது. 'ஏதோ கோடு மாதிரி இருந்தது' என்பது அடையாளம் ஆகாது.

தலையை நம்பலாமா?

முக்கோணத் தலை என்றால் நஞ்சு, உருண்ட கண்மணி என்றால் சாது என்று ஊரில் ஒரு கணக்கு உண்டு. இந்தக் கணக்கு ஆளைக் கொல்லும். நாகத்துக்கும் எட்டடி விரியனுக்கும் முக்கோணத் தலை கிடையாது. அவற்றின் கண்மணி வட்டமானதே. மறுபக்கம், சாதுவான பல பாம்புகள் பயந்தால் தாடை எலும்பை விரித்துத் தலையை முக்கோணமாக்கிக் காட்டும்.

இருகோட்டுப் பாம்பும் ஒரு வித்தை செய்யும். வழி அடைபட்டதும் முன்னுடலைத் தட்டையாக்கி, கழுத்தை அகட்டி ஊதும். செதில்களுக்கு இடையே மறைந்திருக்கும் தோல் அப்போது விரிந்து நீலமாகவோ செம்மையாகவோ பளிச்சிடும். "நாகக்குட்டி, படம் எடுக்குது" என்று யாராவது கத்தினால் அதன் கதை முடிந்தது. தப்புவதற்காக அது போடும் வேஷமே அதைச் சாகடிக்கிறது என்பதை நினைக்கையில் மனம் நோகிறது. நாகமோ உடலின் முன்பகுதியை நிலத்திலிருந்து நிமிர்த்தி நின்று படமெடுக்கும். நாகக்குட்டியும் பிறந்த நாள் முதல் இதைச் செய்யும். ஆகவே படம் இருக்கிறதா இல்லையா என்று நின்று ஆராயாதீர்கள். மீண்டும் வாலைப் பாருங்கள்.

சிக்காகோவில் நடந்தது

அடையாளம் காண்பது ஒன்று, கையால் தொடுவது வேறொன்று. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதற்கு, பாம்பியலில் உலகப் பெயர் பெற்ற ஒருவரின் சாவே சாட்சி. கார்ல் ஷ்மிட் சிக்காகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் விலங்கியல் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். 1957 செப்ரெம்பரில் லிங்கன் பார்க் மிருகக்காட்சிச்சாலை ஒரு சிறு ஆபிரிக்கப் பாம்பை, இது என்ன இனம் என்று கேட்டு அனுப்பியது. பூம்ஸ்லாங் என்ற நஞ்சுப் பாம்பு போலத் தெரிந்தது. ஆனால் வாலடியில் ஒரு செதிலின் அமைப்பு நூல் சொன்னபடி இல்லாததால் அவருக்கு ஐயம். கையில் எடுத்துப் பார்த்தபோது இடது கைப் பெருவிரலில் கடித்தது. ஒரே ஒரு பல்தான் ஆழப் பதிந்தது. சிறு பாம்பு, சிறு கடி என்று வீட்டுக்குப் போய், தன் உடலில் நடப்பதை நேரம் குறித்து எழுதிக்கொண்டே இருந்தார். மறுநாள் பிற்பகல் இறந்தார். அந்தப் பாம்பு பூம்ஸ்லாங்தான்.

இருகோட்டுப் பாம்பின் சுற்றத்திலும் இப்படி ஒரு கிளை உண்டு. ஜப்பானின் யமககாசி நெடுங்காலம் நஞ்சற்றது என்றே எண்ணப்பட்டது, மனிதர் இறந்த பிறகுதான் அதன் கடைவாய்ப் பல்லின் வேலை புரிந்தது. அதற்கு உறவான ஓர் இனம் இலங்கையின் தென்மேற்கு மழைக்காடுகளிலும் இருக்கிறது. வன்னியில் இல்லை. எங்கள் இருகோட்டுப் பாம்பு கடிப்பதே அபூர்வம், கடித்தாலும் நஞ்சூட்டாது. ஆனாலும் தேவை இல்லாத இடத்தில் கை வைக்காதிருப்பதே முறை.

ரொறன்ரோவில் ஒரு சொந்தம்

வன்னியில் பலருக்குக் கனடாவில் உறவு உண்டு. இந்தப் பாம்புக்கும் உண்டு. ஸ்காபரோவை ஒட்டிய ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவின் புல்வெளிகளில் முதுகில் மஞ்சள் கோடு ஓடும் கார்ட்டர் பாம்பைக் காணலாம். பெரும்பாலும் மூன்று கோடுகள். அதே மெல்லிய உடல், அதே முகட்டுச் செதில், தவளையும் மண்புழுவும் சாப்பாடு. இரண்டும் ஒரே துணைக்குடும்பம்.

ஒரு வித்தியாசம் மட்டும் நின்று யோசிக்க வைக்கும். எங்கள் பாம்பு ஈர மண்ணில் முட்டையிட்டு, பொரிக்கிற வேலையை மண்ணின் சூட்டிடம் விட்டுவிடுகிறது. கனடாவின் மண் அதற்குப் போதாது. அங்கே தாய் கருவை வயிற்றுக்குள் சுமந்து, வெயில் காய்ந்து காய்ந்து வளர்த்து, குட்டியாகவே ஈனுகிறது. மனிற்றோபாவின் நார்சிஸ் என்ற இடத்தில் சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள் பல்லாயிரம் கார்ட்டர் பாம்புகள் ஒன்றாகக் குளிர்காலத் துயில் கொண்டு, வசந்தத்தில் மொத்தமாக வெளியே வருகின்றன. இங்கே வெயிலுக்கு ஒளிவது, அங்கே பனிக்கு ஒளிவது.

வலையில் சிக்கிய பாம்பு

இப்போது ஒரு நிகழ்வை எடுத்து முழுவதும் நடத்திப் பார்ப்போம். வட்டக்கச்சியில் இரணைமடு வாய்க்காலை ஒட்டிய ஒரு வளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோழி கிண்டாமல் இருக்கக் கத்தரிப் பாத்தியைச் சுற்றி நைலோன் வலை. கார்த்திகை மாதம், பின்னேரம் நாலரை மணி. வலையின் அடியில் பாம்பு ஒன்று துடிக்கிறது.

"அம்மம்மா, புடையன் குட்டியோ?"

"கிட்டப் போகாத பிள்ளை. நில், மாமா வரட்டும்."

அம்மம்மா சொன்னது சரி. மாமா வந்து ஆறடி தள்ளி நின்று பார்க்கிறார். பின்பாதி தெளிவாகத் தெரிகிறது. இரண்டு கோடு, வால்வரை. பொட்டு வரிசை இல்லை. படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தும் அதுவே. ஐயம் இருந்திருந்தால் வலையைத் தொடாமல் பிள்ளைகளை விலக்கிவிட்டு, 1992 என்ற இலக்கத்தில் வனசீவராசிகள் திணைக்களத்தை அழைத்திருக்க வேண்டும். ஐயம் இல்லை, ஆகவே அடுத்த படி.

பாம்பு ஏன் தானாகக் கழற்றிக்கொள்ள முடியவில்லை? செதில்கள் கூரை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, தளர்ந்த விளிம்பு வால் பக்கம் பார்த்திருக்கும். தலை நுழைந்து முன்னே போகையில் நூல் வழுக்கிக்கொண்டு பின்னே போகும். திரும்பி வர முயன்றால் அதே நூல் ஒவ்வொரு செதிலின் விளிம்புக்கு அடியிலும் மாட்டும். முன்னே போகவும் நடுவுடலின் பருமன் விடாது. துடிக்கத் துடிக்க நூல் இறுகித் தோலை அறுக்கும். ஆதலால் வாலைப் பிடித்து இழுப்பதுதான் செய்யக்கூடியதில் மிகக் கெட்ட காரியம்.

மாமா தடித்த கையுறை போட்டு, நனைத்துப் பிழிந்த பழைய சாரத்தால் பாம்பின் தலையையும் முன்னுடலையும் மூடுகிறார். இருட்டானதும் பாம்பு அடங்கும். முதலில் சுற்றுவலையைப் பெரிதாக வெட்டி, பாம்பைப் பாத்தியிலிருந்து விடுவிக்கிறார். பிறகு மொட்டை முனைச் சிறு கத்தரிக்கோலால், உடலை இறுக்கும் நூல்களை ஒவ்வொன்றாக, செதிலின் மேலிருந்து தூக்கி வெட்டுகிறார். நாற்றமான ஒரு திரவத்தைப் பாம்பு பீச்சக்கூடும். இந்தக் குடும்பத்தில் பலவும் பயத்தில் அப்படிச் செய்யும், கழுவினால் போய்விடும். கடைசி நூலும் அறுந்ததா என்று பார்த்தாக வேண்டும். சதைக்குள் புதைந்த ஒரு நூல் மிஞ்சினால், பாம்பு இரை விழுங்கிப் பருக்கும்போது அது மீண்டும் இறுக்கும்.

தோலில் சிறு அறுப்பு. பொழுது இறங்குகிறது. ஒரு இரவு வைத்திருப்பது என்று முடிவாகிறது. மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளி. மூடியில் ஆணியால் உள்ளிருந்து வெளியே துளைகள், அப்போதுதான் கூர் முனை உள்ளே நீட்டாது. அடியில் துணி, ஒளிந்துகொள்ள ஒரு மடிப்பு. மூழ்காத அளவுக்குத் தாழ்ந்த சிரட்டையில் கொஞ்சம் தண்ணீர். மூடி இறுகிப் பொருந்த வேண்டும், சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இதற்குப் போதும். வாளி வீட்டுக்குள் நிழலில், பூனை எட்டாத இடத்தில். வெயிலில் வைத்த மூடிய வாளி மிகக் குறுகிய நேரத்தில் பாம்பைக் கொன்றுவிடும். வியர்க்கவோ விலகவோ அதற்கு வழியில்லை.

சாப்பாடு? வேண்டாம். வாரக்கணக்கில் பசி தாங்கும் உயிர் இது. பயந்த நிலையில் எதையாவது விழுங்கினாலும் கக்கிவிடும், அந்தக் கக்கல் அதற்குப் பட்டினியைவிடக் கேடு. பாலும் வேண்டாம். புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலில் பாலெடுத்து வணங்கி வளர்ந்த ஊரார் நாங்கள். அந்தப் பக்தி வேறு. பாம்பின் வயிறு பாலுக்கு அமைந்ததல்ல. தாகத்தில் வாய் வைத்தாலும் அது செரிக்காது. புண்ணுக்கு மஞ்சளும் மண்ணெண்ணெயும் வேண்டாம், சுத்தமான தண்ணீர் ஊற்றினால் போதும். சதை தெரியுமளவு ஆழமான வெட்டு என்றால் அது வீட்டு வேலை அல்ல, திணைக்களத்தின் மிருக வைத்தியரிடம் போக வேண்டியது.

பிள்ளைகள் எடுத்துப் பார்க்க ஆசைப்படுவார்கள். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தரமும் அதற்கு வேட்டைக்காரன் வந்ததாகத்தான் பொருள். பார்த்தது படத்தில் இருக்கிறது, அதைக் காட்டலாம். 'இரண்டு நாள் வளர்த்துப் பார்ப்போமே' என்ற பேச்சுக்கும் இடமில்லை. காட்டு விலங்குகளைக் காக்க 1937 இலேயே இந்நாட்டில் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. காட்டுப் பாம்பை வீட்டில் வளர்க்க அது அனுமதிப்பதில்லை.

மறுநாள் காலை, பனி காய்ந்து வெயில் ஏறுமுன், பிடித்த இடத்துக்கு அருகிலேயே வாய்க்கால் கரைப் புல்லுக்குள் வாளியைச் சரித்துவிட்டு விலகி நிற்க வேண்டும். தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விடுவது புண்ணியம் என்று பலரும் நினைக்கிறார்கள். 1999 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வேறிடத்துக்கு மாற்றி விடப்பட்ட கிலுகிலுப்பைப் பாம்புகள் திசை தெரியாமல் அலைந்ததும், சொந்த இடத்துப் பாம்புகளைவிட அதிகம் இறந்ததும் பதிவாகின. ஒளிவிடமும் இரை கிடைக்கும் இடமும் தெரிந்த அரை ஏக்கர்தான் சிறு பாம்புக்கு உயிர். வலைக்கும் ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும். அடி விளிம்பை நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்தி, கீழே கிடுகோ தகரமோ வைத்தால் கோழியும் நுழையாது, பாம்பும் சிக்காது.

கடித்துவிட்டால்

இருகோட்டுப் பாம்பு என்று ஐயமறத் தெரிந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஏற்பு ஊசி பற்றி வைத்தியரிடம் கேட்டால் போதும். தெரியாவிட்டால் நஞ்சுப் பாம்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கயிறு இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 1990 அம்புலன்சை அழைத்து வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

2012, 2013 இல் நாடு முழுவதும் வீடு வீடாக நடந்த ஆய்வொன்று, இலங்கையில் ஆண்டுக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, அவர்களில் 30,000 பேர் அளவில்தான் உடலில் நஞ்சு ஏறுகிறது, 400 பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்று கணித்தது. பத்தில் ஆறு கடிக்கு மேல் நஞ்சேறாதவை. ஆனால் எது அந்த ஆறில் சேரும் என்று வீட்டில் இருந்து சொல்ல முடியாது. எட்டடி விரியன் பாயில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலியே இராது, அடையாளமும் தேட வேண்டியிருக்கும். விடியும்போது வயிற்று நோவும் தூக்க முடியாத கண்ணிமையும்தான் முதற் செய்தி.

பாம்பை அடித்துக் கொண்டுபோனால்தான் மருந்து தருவார்கள் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். வைத்தியசாலையில் கொஞ்சம் இரத்தத்தைச் சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்க்கிறார்கள். உறையாமல் ஓடினால் இரத்தத்தைக் கெடுக்கும் நஞ்சு, புடையன் போன்றதன் வேலை. இங்கே பயன்படும் நஞ்சுமுறிப்பு மருந்து நாகம், எட்டடி விரியன், புடையன், சுருட்டை நான்குக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. பாம்பைப் பிடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபடுவதைவிட, முடிந்தால் தள்ளி நின்று எடுத்த ஒரு படம் போதும்.

வீதியோரத்துக் கணக்கு

போர் நடந்த காலமெல்லாம் ஆய்வாளர்கள் வன்னிக்குள் வந்து ஊர்வன பற்றிய களவேலை செய்ய வழியிருக்கவில்லை. தென்னிலங்கையின் பாம்புகள் பற்றி எழுதப்பட்ட அளவு எங்கள் பக்கத்தைப் பற்றி எழுதப்படவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப ஊர்ப் பிள்ளைகளாலும் முடியும். மழைக்காலப் பின்னேரங்களில் பரந்தன் முல்லைத்தீவு வீதியிலும் மாங்குளம் வீதியிலும் தார் இன்னும் சூடாக இருக்கும். அந்தச் சூட்டுக்கு வந்து கிடக்கும் பாம்புகள் சில்லுக்குள் நசுங்குகின்றன. செத்ததையும் தொடாமல், பக்கத்தில் ஒரு பேனையை வைத்துப் படம் எடுத்து, திகதி, நேரம், இடம், மழை பெய்ததா என்ற நான்கையும் ஒரு கொப்பியில் எழுதலாம். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் ஏற்றினால், உலகின் வேறு மூலையில் இருக்கும் ஒருவர் இனத்தைச் சரிபார்த்துச் சொல்வார். படத்தில் பின்பாதி கட்டாயம் தெரிய வேண்டும்.